பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கம்: தலைக்கவசமும் கோடரியும்

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறைக்கு அருகில் எங்கள் பழைய வீட்டைப் பிரிக்கும்போது, பாட்டியின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வேட்டிக் கிழிசலில் சுற்றிய ஒரு பதக்கம் கிடைத்தது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது, வெள்ளி. ஒரு பக்கம் மகுடம் சூடிய ராஜாவின் தலை. மறுபக்கம் தலைக்கவசமும் கோடரியும், சுற்றிலும் ஆங்கில எழுத்து. நீல நாடா நிறம் மங்கிப்போயிருக்கிறது. நாடாவின் மேல் குறுக்காக ஒரு வெள்ளிப் பட்டை.

தாத்தா 1930களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவர். யுத்தத்தில் இருந்தார், அதற்குக் கொடுத்த பதக்கம் என்று பெரிய மாமா சொல்வார். சின்ன மாமாவோ ரயில்வேயில் இருந்தார் என்பார். ஏனென்றால் பாட்டி கடிதம் எழுதச் சொல்லும் முகவரி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: 118, ஹில் ஸ்திரீட் ஸ்டேஷன், சிங்கப்பூர். அந்த 118 அவர் குடியிருந்த அறையின் கதவு எண் என்றே கேட்டு வளர்ந்தோம்.

அம்மாவுக்கு இப்போது 87 வயது. தன் அப்பாவை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு எட்டு வயது. 1946இல், யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு. அம்மா இருக்கும்போதே இது என்ன பதக்கம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதக்கப்பேழை

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். பதக்கத்தைத் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்துத்தான் நம் ஊரில் பாதிப் பதக்கங்கள் பெயரிழந்து நிற்கின்றன. கறுப்பு ஏறியிருந்தால் இருக்கட்டும்.

இரண்டு கேள்விகள். ராஜாவின் தலையைச் சுற்றியுள்ள எழுத்தில் "இந்தியே இம்ப்" என்று முடியும் சொற்கள் உண்டா? அடுத்து, பதக்கத்தை நிமிர்த்திப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். முகத்தை அல்ல, தடிமனை. அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா?

காவிரிக்கரை

நீங்கள் சொன்ன சொற்கள் இல்லை ஐயா. "ஜார்ஜியஸ்" என்று தொடங்குகிறது, "ஃபிட் டெஃப்" என்று முடிகிறது. விளிம்பில் எழுத்து இருக்கிறது, ஆனால் அழுக்கு அடைத்திருக்கிறது. வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தேய்க்கவில்லை.

பதக்கப்பேழை

நன்றி. நீங்கள் கொடுத்த விவரம் போதும்.

உங்கள் தாத்தா போர்வீரர் அல்லர், ரயில்வேக்காரரும் அல்லர். அவர் நெருப்பை அணைத்தவர். உங்கள் கையில் இருப்பது காலனித் தீயணைப்புப் படைகளின் நெடும்பணிப் பதக்கம். 1934இல் இரண்டு பதக்கங்கள் ஒன்றாக ஏற்படுத்தப்பட்டன: ஒன்று காலனிப் போலீசுக்கு, மற்றொன்று காலனித் தீயணைப்புப் படைகளுக்கு. இரண்டும் வெள்ளி, குறுக்களவு 36 மில்லிமீட்டர். போலீஸ் பதக்கத்தின் பின்புறத்தில் வாகை இலை வளையத்தின் மேல் குண்டாந்தடி. தீயணைப்புப் பதக்கத்தில் தலைக்கவசமும் கோடரியும். நாடாவிலும் அடையாளம் உண்டு. இரண்டும் நீலம்தான், போலீஸ் நாடாவின் நடுவே பச்சைக் கோடு ஒன்று, தீயணைப்பு நாடாவில் இரண்டு, ஓரங்களில் மெல்லிய வெள்ளை. உங்கள் நாடாவைப் பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் பச்சை இன்னும் மங்காமல் இருக்கும்.

சுற்றியுள்ள ஆங்கில எழுத்தின் பொருள்: காலனித் தீயணைப்புப் படைகள், நெடும்பணிக்கும் நன்னடத்தைக்கும். பதக்கம் பெற 18 ஆண்டு அப்பழுக்கற்ற பணி வேண்டும். 25 ஆண்டு நிறைந்தால் நாடாவில் ஒரு பட்டை, 30 நிறைந்தால் இன்னொன்று. உங்களிடம் ஒரு பட்டை இருக்கிறது.

இனி கணக்கு. ஆறாம் ஜார்ஜ் 1948 ஜூனில் இந்தியப் பேரரசர் என்ற பட்டத்தைக் கைவிட்டார். அதற்கு முன் வார்த்தவற்றில் "இந்தியே இம்ப்" இருக்கும், பின் வார்த்தவற்றில் இராது. நம் நாடு விடுதலை பெற்ற செய்தி, சிங்கப்பூரில் இருந்த ஒரு தீயணைப்பாளரின் பதக்கத்திலிருந்து இரண்டு சொற்களை அழித்திருக்கிறது! இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த வகைப் பதக்கங்களைத் தேடி அலைந்திருக்கிறேன். அரசர் இறந்தது 1952 பிப்ரவரியில். ஆகவே உங்கள் பதக்கம் பெரும்பாலும் 1948க்கும் 1952க்கும் இடைப்பட்டது. அதிலிருந்து 18 ஆண்டைக் கழித்தால் தாத்தா படையில் சேர்ந்தது 1930க்கும் 1934க்கும் இடையில். பட்டை 1955க்கும் 1959க்கும் இடையில் வந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு நினைவுகளோடு பொருந்துகிறதா?

காவிரிக்கரை

கை நடுங்குகிறது ஐயா. 1931இல் போனதாகவும், தான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு ஒருமுறை விடுப்பில் வந்து திரும்பியதாகவும் அம்மா சொல்கிறார். 1958இல் அம்மாவின் திருமணத்துக்கு நிரந்தரமாகத் திரும்பிவிட்டார். இடது முன்கையில் முழங்கை வரை தோல் சுருங்கி வழவழப்பாக இருக்கும். கொதிக்கும் எண்ணெய் கொட்டியது என்றுதான் எங்களிடம் சொல்வார்.

தெலுக்காயர்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். "ஹில் ஸ்திரீட் ஸ்டேஷன்" என்பதைப் படித்ததும் மெய்சிலிர்த்தது. அது ரயில் நிலையம் அல்ல அக்கா. மத்தியத் தீயணைப்பு நிலையம். 1908இல் கட்டி முடிக்கப்பட்டது, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி வரும் கட்டடம், மேலே ஒரு கண்காணிப்புக் கோபுரம். அக்கம்பக்கத்தில் உயரமான கட்டடங்கள் இல்லாத காலத்தில் அந்தக் கோபுரத்தில் நின்றுதான் ஊரில் எங்கே புகை எழுகிறது என்று பார்த்தார்கள். கட்டடம் இன்றும் அங்கேயே நிற்கிறது, இன்றும் தீயணைப்பு நிலையம்தான். வந்தால் நேரில் அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.

தாத்தாவின் ஆண்டுகளைப் பாருங்கள். 1941 டிசம்பர் 8 விடியுமுன் இந்த ஊரில் முதல் குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15இல் ஊர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. இடைப்பட்ட பத்து வாரங்களில் எரிந்தவை கிடங்குகள், எண்ணெய்த் தொட்டிகள், ரப்பர்க் குவியல்கள், குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கடைவீடுகள். குண்டு விழும் திசையிலிருந்து எல்லோரும் ஓடும்போது அந்தத் திசைக்கே வண்டியை ஓட்டுவதுதான் இவர்களுடைய வேலை. மாமா யுத்தத்தில் இருந்தார் என்று சொன்னது முழுத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

மலைச்சாரல்

இலங்கையின் மலையகத்திலிருந்து எழுதுகிறேன். சகோதரியின் பாட்டனாருக்கு என் வணக்கம். நெருப்புக்குள் போன மனிதருக்கு எந்த நாட்டு ராஜாவின் முகம் போட்ட பதக்கமும் பொருந்தும். எனக்கு அதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் இந்தத் திரியில் பொலிஸ் பதக்கத்தையும் அதே தட்டில் வைத்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நன்னடத்தை" என்று வெள்ளியில் எழுதியிருக்கிறார்களே, யாருடைய கண்ணுக்கு நன்னடத்தை? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளியைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மக்களின் முதல் தியாகி என்று அவர் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அன்று துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு "சுட மாட்டேன்" என்று ஒரு கான்ஸ்டபிள் சொல்லியிருந்தால் அவனுடைய 18 ஆண்டு என்னவாகியிருக்கும்? கீழ்ப்படியாமை என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். பதக்கம் கிடைத்திருக்காது. ஆகவே அந்தப் பதக்கம் மௌனத்துக்குக் கொடுத்த கூலி என்பது என் எண்ணம்.

இலங்கைக்கென்றே ஒரு தனி வரலாறும் உண்டு. 1925இல் இலங்கைப் பொலிசுக்குச் சொந்தமாக ஒரு நெடும்பணிப் பதக்கம் இருந்தது, பின்புறத்தில் யானை. 1934இல் காலனிப் பதக்கம் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல் மறுபடி இலங்கைக்கென்று தனிப் பதக்கம், மறுபடி யானை. யானை வந்தது, ஆனாலும் முன்பக்கத்தில் ராஜாவின் தலை அப்படியே இருந்தது. தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவனுக்கு அந்த மாற்றத்தால் என்ன கிடைத்தது என்று கேட்க நினைக்கிறேன்.

நெருப்புக்கோழி

தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் 31 ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பதக்கங்களின் சரித்திரம் எனக்கு அதிகம் தெரியாது. ஒரு சந்தேகம். இப்படியொரு பதக்கத்தை நம் பழைய சென்னை மாகாணத்து ஆட்கள் யாரிடமும் நான் பார்த்ததில்லையே, ஏன்?

அந்த முன்கைத் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய் முனையைப் பிடிப்பவனுக்கு இடது கைதான் முன்னால் போகும். எங்கள் துறையில் அந்த இடத்தில் தழும்பு உள்ளவர்களைப் பலர் பார்த்திருக்கிறோம். வீட்டில் எண்ணெய் என்றுதான் சொல்வோம்.

பதக்கப்பேழை

நெருப்புக்கோழி ஐயாவுக்கு: நீங்கள் பார்த்திருக்க முடியாது. லண்டனில் காலனிகளைக் கவனித்த அலுவலகம் வேறு, இந்தியாவைக் கவனித்த அலுவலகம் வேறு. நம்மை ஆண்டவர்களின் ஏட்டில் இந்தியா "காலனி" என்ற தலைப்பின் கீழ் வரவில்லை. ஆகவே இங்கே இருந்தவை 1909இல் தொடங்கிய அரசர் போலீஸ் பதக்கமும் 1932இல் வந்த இந்தியப் போலீஸ் பதக்கமும். அரசர் பதக்கம் தீயணைப்பாளர்களுக்கும் உண்டு. ஆனால் இவை வீரத்துக்கோ சிறப்புப் பணிக்கோ ஆள் பார்த்துக் கொடுத்தவை. 18 ஆண்டு ஒழுங்காக வேலை செய்த ஒவ்வொருவருக்கும் உரியது என்ற கணக்கில் வந்தவை அல்ல. 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கீன் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். ஒரே பேரரசு, ஒரே நெருப்பு. அவர்களுக்கு இந்தக் கோடரிப் பதக்கம் கிடையாது, கடல் தாண்டி நின்ற நம் ஆட்களுக்கு உண்டு.

நெருப்புக்கோழி

அந்த 66 பேருக்காகத்தான் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறோம். பணியில் இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் அன்று காலையில் சீருடையில் நின்று மௌன அஞ்சலி செலுத்தியிருக்கிறேன். பதிலுக்கு நன்றி.

கிள்ளான் ஆற்றோரம்

மலைச்சாரல் அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் மறுபக்கத்தில் பிறந்தவன். என் தந்தைவழிப் பாட்டனார் மலாயாவில் போலீஸ் கான்ஸ்டபிள். குண்டாந்தடி போட்ட பதக்கம் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது.

1941இல் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் தா, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழி, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்று நம் மக்கள் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கினார்கள். சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டில் என் பாட்டனார் சீருடையில் இருந்தார். அவருடைய தம்பி அதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. 1963இல் தம்பி இறந்தபோது பாட்டனார் போய்ப் பந்தல் போட்டார், கொள்ளிக்குடம் உடைக்கும்வரை நின்றார், வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அவர் அன்று எங்கே நின்றார், என்ன செய்தார் என்று எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அதனால் அந்தப் பதக்கத்தைப் பெருமைக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்ல மாட்டேன். எறியவும் மாட்டேன். பதக்கத்தை வாங்கியதும் அவரேதான், அந்த வாசலில் நின்றதும் அவரேதான். என் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மலைச்சாரல்

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். "மௌனத்துக்குக் கொடுத்த கூலி" என்று நான் எழுதியது உங்கள் பாட்டனாரைக் குத்தியிருந்தால் வருந்துகிறேன். சொல்லை மீட்டுக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் பதக்கத்தைக் கொடுத்தவர்களை வைத்துத்தான் அதைச் சொன்னேன். வாங்கிய கை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதக்கப்பேழை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு பதக்கங்களும் தொடக்கத்தில் மேலதிகாரிகளுக்குக் கிடையாது. கீழ்நிலைப் பணியாளர்களுக்கென்றே ஏற்படுத்தியவை. எல்லாப் பதவிக்கும் உரியவையாக மாறியது பிற்பாடுதான். ஆகவே 1930கள், 40களின் பதக்கம் ஒன்றைக் கையில் எடுத்தால் அது ரோந்து போன கால்களுக்கும், குழாய் சுமந்த தோள்களுக்கும் சொந்தமானது. மேலிருந்து உத்தரவு போட்டவருடையது அல்ல. நான் இருபது ஆண்டாக வேறு எதையும் சேர்க்காமல் இவற்றையே சேர்ப்பதற்குக் காரணம் அதுதான்.

மலைச்சாரல் கேட்ட கேள்வி இந்தப் பதக்கத்தோடு பிறந்தது. 1948 பிப்ரவரி 28இல் கோல்டு கோஸ்ட்டின் (இன்றைய கானா) அக்ரா நகரில், பர்மாப் போர்முனையிலிருந்து திரும்பிய ஆப்பிரிக்க முன்னாள் படைவீரர்கள் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். வழிமறித்த போலீஸ் அணியின் வெள்ளைக்கார அதிகாரி தானே துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மூன்று பேர் இறந்தார்கள். எதிரெதிரே நின்றவர்கள் யார் பாருங்கள்: அரசருக்காகப் போர்முனைக்குப் போனவர்கள் ஒரு பக்கம், அரசரின் நன்னடத்தைப் பதக்கத்துக்கு ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள்கள் மறுபக்கம். இருவரும் ஒரே மண்ணின் மைந்தர்கள்.

ஹாங்காங்கில் இதைவிட அப்பட்டம். அங்கே போலீஸ்காரரின் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து போட்டார்கள். ஐரோப்பியர் என்றால் "ஏ", இந்தியர் என்றால் "பி", சீனர் என்றால் "சி". சம்பளமும் குடியிருப்பும் அந்த எழுத்தைப் பின்பற்றின. எண்ணைப் பார்த்தாலே ஆளின் இனம் தெரிந்துவிடும். அதனால்தான் விளிம்பைப் பாருங்கள், விளிம்பைப் பாருங்கள் என்று கெஞ்சுகிறேன். ராஜாவின் முகம் ஆயிரக்கணக்கான பதக்கங்களில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மனிதனுக்கு மட்டும் உரிய இடம் அந்த மூன்று மில்லிமீட்டர் விளிம்புதான்.

வெள்ளிவீதி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இதுபோல் ஒன்று இருந்தது, குண்டாந்தடி போட்டது. தங்கையின் திருமணத்தின்போது கொலுசுக்கு வெள்ளி குறைந்ததென்று ஆசாரியிடம் போட்டுவிட்டோம். விளிம்பைப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த இழையைப் படித்தபின் இரவு தூக்கம் வரவில்லை.

பதக்கப்பேழை

வெள்ளிவீதி, மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். வீட்டுப் பெரியவர் எந்த நாட்டில், எந்த ஆண்டுகளில் பணியில் இருந்தார் என்று தெரியுமா? இப்படிப்பட்ட பதக்கங்களை வழங்கியபோது அந்தந்தக் காலனியின் அரசிதழில் பெயர் வெளியிடுவது வழக்கம். வெள்ளி உருகிவிட்டது, தாள் இருக்கக்கூடும். நாட்டையும் ஆண்டுகளையும் எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.

மலைச்சாரல்

இலங்கை என்றால் என்னிடம் சொல்லுங்கள். பழைய வர்த்தமானித் தொகுதிகளைப் புரட்டிப் பழக்கமுண்டு.

வெள்ளிவீதி

இலங்கைதான் ஐயா. கண்டியில் இருந்ததாகச் சொல்வார்கள். 1920களில் சேர்ந்திருக்க வேண்டும். தனிச்செய்தி அனுப்புகிறேன்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பதில் எழுத முடியவில்லை.

முந்தாநாள் காலை வெயிலில் பதக்கத்தைத் திண்ணையில் வைத்து, பதக்கப்பேழை ஐயா சொன்னபடி தேய்க்காமல், மெல்லிய துணியில் வெந்நீரைத் தொட்டு விளிம்பை மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. தாத்தாவின் பெயர் வந்தது, ஓர் எழுத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் தீயணைப்பாளர் என்ற பதவி. அதற்கும் முன்னால் ஓர் எண்.

118.

அது கதவு எண்ணே இல்லை. படையில் அவருடைய எண். பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. தபால்காரர் வரும்போதெல்லாம் "நூத்திப் பதினெட்டு, மறக்காம போடு" என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்ததெல்லாம் அந்த எண்ணைத்தான்.

அம்மாவுக்குக் கண் மங்கல். பதக்கத்தை அவர் கையில் கொடுத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து விளிம்பில் வைத்தேன். ஒன்று, ஒன்று, எட்டு. மூன்று இலக்கங்களையும் தடவினார். பிறகு தாத்தாவின் இடது கையில் எண்ணெய் கொட்டியதே இல்லை, அது தனக்கு அப்போதே தெரியும் என்றார். 1946இல் வந்திறங்கிய அன்று, எட்டு வயதில், அந்தக் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தாராம்.

தெலுக்காயர் தம்பி, அந்தக் கட்டடத்தின் படம் ஒன்று, கோபுரம் தெரியும்படி, எடுத்து அனுப்ப முடியுமா? அம்மா கேட்கிறார்.

தெலுக்காயர்

நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் எடுத்து அனுப்புகிறேன் அக்கா. வெளிச்சம் கிழக்கிலிருந்து விழும் நேரத்தில்.